பட்டமளிப்பு விழாவும் கறுப்பு அங்கியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம், எய்ம்ஸ் உள்ளிட்ட தன் மருத்துவக் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கியையும் தொப்பியையும் விட்டுவிட்டு, நிறுவனம் இருக்கும் மாநிலத்தின் மரபுக்கு ஏற்ற உடையை வடிவமைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு மாணவர்களும் பெற்றோர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் கூடிவிட்டன. கல்லூரியில் விழாக் குழு வேலை பார்த்த ஆசிரியன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததையும் நான் நினைப்பதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்த அங்கி முதலில் எங்கே தோன்றியது?

12, 13ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில். பாரிசிலும் ஆக்ஸ்போர்டிலும் பல்கலைக்கழகங்கள் உருவான காலத்தில், படித்தவர்களும் படிப்பித்தவர்களும் பெரும்பாலும் திருச்சபையைச் சார்ந்தவர்கள். மதகுருமார் உடுத்திய நீண்ட அங்கிதான் அவர்களுடைய அன்றாட உடை. 1222இல் ஆக்ஸ்போர்டில் கூடிய திருச்சபை மன்றம், மதகுருமார் முன்பக்கம் மூடிய நீண்ட அங்கியையே அணிய வேண்டும் என்று விதித்தது. கல்லால் கட்டிய குளிர்ந்த கூடங்களில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பாடம் கேட்டவர்களுக்கு அது தேவையாகவும் இருந்தது. இன்று முதுகில் வண்ணத் துணியாகத் தொங்கும் ‘ஹூட்’ அன்று குளிருக்குத் தலையை மூடிக்கொள்ள இருந்த முக்காடு.

பிற்காலத்தில் வெளியில் மற்றவர்களின் உடை மாறிக்கொண்டே போனது. பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் பழைய உடை தங்கிவிட்டது. அன்றாட உடையாக இருந்தது இப்படித்தான் சடங்கு உடையாக மாறியது.

நம் ஊருக்கு எப்போது வந்தது?

1857இல். லண்டனிலிருந்து சார்லஸ் வுட் 1854இல் அனுப்பிய கல்வி அறிக்கை இந்தியாவில் பல்கலைக்கழகங்கள் அமைக்கச் சொன்னது. அதன்படி கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றும் ஒரே ஆண்டில் சட்டம் வழியாகத் தொடங்கப்பட்டன. மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அதாவது, பாடம் கல்லூரிகளில் நடக்கும்; பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் தரும். இது முக்கியமான விஷயம். அன்றைய மாணவனுக்குத் தன் பல்கலைக்கழகத்தோடு நேரடித் தொடர்பு என்றால் இரண்டே இடங்கள்தான்: தேர்வுக் கூடம், பட்டமளிப்பு விழா. அதனால்தான் நம் நாட்டில் விழா இவ்வளவு கனத்தது என்று நினைக்கிறேன். சேப்பாக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் செனட் ஹவுஸ், கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசோமின் வடிவமைப்பில் 1874 முதல் 1879 வரை கட்டப்பட்டது. அந்தக் கூடத்தின் உயரத்தையும் வண்ணக் கண்ணாடிகளையும் பார்த்தவர்களுக்கு, பட்டம் வாங்குவதை எவ்வளவு பெரிய நிகழ்வாக அன்று கருதினார்கள் என்பது புரியும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். மேல்நாட்டு முறையில் பட்டம் வாங்கிய முதல் ஆளே நம் பழைய நூல்களைக் காப்பாற்றியவர் என்பதை, அங்கியை வெறும் அடிமைச் சின்னம் என்று சொல்பவர்களுக்கு நான் எப்போதும் நினைவுபடுத்துவேன்.

காலனிய மிச்சம்தானே, தூக்கிப்போட்டால் என்ன?

இந்தக் கேள்வியைப் பரபரப்பாக்கியவர் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ். 2010 ஏப்ரலில் போபாலில் இந்திய வன மேலாண்மை நிறுவனத்தின் பட்டமளிப்பு விழாவில், போட்டிருந்த அங்கியை மேடையிலேயே கழற்றிவிட்டு, இது காட்டுமிராண்டித்தனமான காலனியச் சின்னம் என்றார். பாராட்டியவர்களும் உண்டு, திட்டியவர்களும் உண்டு.

காலனிய ஆட்சியில் வந்தது என்பது உண்மை, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஒரு காரணத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் பட்டம், தேர்வு முறை, செனட், சிண்டிகேட் போன்ற நிர்வாகக் குழுக்கள், வேந்தர் பதவி எல்லாவற்றையும் சேர்த்தே கேள்வி கேட்க வேண்டும். அங்கியைக் கழற்றுவது சுலபம் என்பதால் அதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இன்னொன்று. அதே விழா மேடையைத்தான் நம்மவர்கள் ஆட்சியை எதிர்க்கவும் பயன்படுத்தினார்கள். 1932 பிப்ரவரி 6 அன்று கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், பட்டம் வாங்க வந்திருந்த மாணவி பீனா தாஸ், வங்காள ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார். குண்டு படவில்லை. பீனா தாசுக்கு ஒன்பது ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. நிறுத்திவைக்கப்பட்ட அவருடைய பட்டத்தைக் கல்கத்தா பல்கலைக்கழகம் 2012இல்தான் வழங்கியது; அப்போது அவர் உயிரோடு இல்லை. எண்பது ஆண்டு. அந்த விழாவின் வரலாற்றில் வெள்ளைக்காரர்களின் பங்கும் இருக்கிறது, பீனா தாசின் பங்கும் இருக்கிறது.

ஆகவே மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும் என்பது என் நிலை. ஆனால் ‘அவர்கள் கொண்டுவந்தது’ என்பது அதற்குப் போதுமான காரணம் ஆகாது. நமக்கு எது ஒத்துவருகிறது, எது ஒத்துவரவில்லை என்று பார்த்து மாற்ற வேண்டும்.

அங்கி கூடாது என்று அரசு உத்தரவு இருக்கிறதா?

எல்லாப் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தும் தடை எதுவும் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2015இலும் 2019இலும் விழா உடைக்குக் கைத்தறித் துணியைப் பயன்படுத்தலாமே என்று கேட்டு எழுதியது. கைத்தறி நம் தட்பவெப்பத்துக்கு உகந்தது, நெசவாளருக்கு வருமானம் என்பவை அதில் சொன்ன காரணங்கள். 2024 கடிதம் சுகாதார அமைச்சகத்தின் கீழுள்ள நிறுவனங்களுக்கானது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் உடையைத் தாங்களே முடிவு செய்கின்றன.

வேறு இடங்களில் என்ன செய்தார்கள்?

நம் நாட்டில் பழைய முன்னுதாரணம் சாந்திநிகேதன். 1921இல் தாகூர் நிறுவிய விசுவபாரதியில், பட்டம் பெறுபவர்களுக்கு ஏழிலைப்பாலையின் இலைக்கொத்தைக் கொடுப்பது மரபு. மாந்தோப்பில் விழா நடத்துவதும் அவர்களுடைய வழக்கம். ஏழிலைப்பாலை சங்க இலக்கியத்திலும் வரும் மரம். அதன் தாவரவியல் பெயரில் ‘ஸ்காலரிஸ்’ என்று இருப்பதற்குக் காரணம், அந்தக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பலகையை அதன் மரத்தில் செய்தார்கள் என்பது. யாரையும் பார்த்து நகல் எடுக்காமல், யாரையும் திட்டாமல், தனக்கென்று ஒரு சடங்கை உருவாக்கிக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது.

அண்மைக் காலத்தில் சில ஐ.ஐ.டி.க்கள் குர்த்தா, அங்கவஸ்திரம் என்று மாறியிருக்கின்றன. ஐ.ஐ.டி. பம்பாய் கதர் அங்கவஸ்திரத்தைத் தேர்ந்தெடுத்தது.

வெளிநாட்டில் பார்க்க வேண்டியது பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம். அவர்களும் நம்மைப் போல நெடுங்காலம் அந்நிய ஆட்சியில் இருந்தவர்கள், வெப்பமும் ஈரமும் நிறைந்த நாடு. 2000ஆம் ஆண்டில் அங்கியை எடுத்துவிட்டு ‘சாப்லாய்’ என்ற அகலமான தோள்துணியைக் கொண்டுவந்தார்கள். அதில் அவர்களுடைய பழைய பய்பாயின் எழுத்தில் பல்கலைக்கழகப் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். விழா தொடங்கும்போது வலது தோளில் போட்டிருப்பார்கள். பட்டம் அறிவிக்கப்பட்டதும் எல்லோரும் ஒன்றாக இடது தோளுக்கு மாற்றிக்கொள்வார்கள். இதில் எனக்குப் பிடித்தது, பட்டம் கிடைக்கும் அந்தக் கணம் கூடத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரே நேரத்தில் நடக்கிறது என்பதுதான். தங்கப் பதக்கம் வாங்குகிறவருக்கும் கடைசி வரிசையில் இருக்கிறவருக்கும் ஒரே நொடி.

நம் வெயிலில் இந்தத் துணி தாங்குமா?

தாங்காது. வாடகைக்கு வரும் அங்கிகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். உள்ளே முழுக்கைச் சட்டையோ பட்டுச் சேலையோ இருக்கும். காலை எட்டு மணிக்கு வரச் சொல்லி, சிறப்பு விருந்தினர் பத்தரைக்கு வந்து, மதியம் ஒரு மணிக்கு முடிக்கிறோம். மயங்கி விழும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சடங்கின் பெருமைக்காக உடம்பை வருத்தக் கூடாது. அங்கியை மாற்ற இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

அப்படியென்றால் மாணவர்கள் ஏன் இன்னும் அங்கியைக் கேட்கிறார்கள்?

இந்தக் கேள்வியைத்தான் டெல்லிக் கடிதங்கள் கேட்கவே இல்லை.

எங்கள் மாவட்டத்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும், ஓட்டு வீடோ காலனி வீடோ, கூடத்துச் சுவரில் அங்கியும் தொப்பியும் போட்ட ஒரு படம் மாட்டியிருக்கும். அந்த வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவரின் படம். ஸ்டுடியோவில் பின்னால் புத்தக அலமாரித் திரை தொங்கும். பெண்ணாக இருந்தால், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில், சில வீடுகளில் அதற்கு மேலேயே இருக்கும். தமிழ்நாட்டில் ‘முதல் பட்டதாரி’ சான்றிதழ் என்று வருவாய்த் துறை தனியாக ஒன்று கொடுக்கிறது. தொழிற்கல்வியில் கட்டணச் சலுகைக்கு அது வேண்டும். அப்படி ஒரு சான்றிதழ் தேவைப்படுகிற சமூகத்தில் இந்தப் படத்துக்கு என்ன கனம் என்று சொல்லத் தேவையில்லை.

அம்பேத்கர் பட்ட அங்கியோடு இருக்கும் படத்தை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். 1952இல் கொலம்பியாவும் 1953இல் உஸ்மானியாவும் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தன. படிக்கக் கூடாது என்று தள்ளிவைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அந்தப் படத்தில் பார்ப்பது ஐரோப்பாவை இல்லை. உள்ளே வரக்கூடாது என்று சொன்ன கதவைத் திறந்துகொண்டு போன ஒருவரை. 1883இல் கல்கத்தாவில் சந்திரமுகி பாசுவும் காதம்பினி கங்குலியும் பட்டதாரிகள் ஆனபோது, ஆக்ஸ்போர்டில் பெண்களுக்குப் பட்டமே கிடையாது. அங்கே 1920 வரை காத்திருந்தார்கள். கேம்பிரிட்ஜில் 1948 வரை. அங்கி எங்கிருந்து வந்திருந்தாலும், அதைப் போட்டுக்கொள்ளும் உரிமைக்காகப் போராடியவர்கள் அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டுவிட்டார்கள்.

அங்கி செய்கிற இன்னொரு வேலையும் உண்டு. அது எல்லோரையும் மூடிவிடும். ஐம்பதாயிரம் ரூபாய்ப் பட்டுச் சேலையும், பக்கத்து வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கிய சேலையும் அதற்குள் ஒன்றுதான். மூன்று வருஷமாக யார் எந்தச் செருப்புப் போட்டுவந்தார், யார் எந்த வண்டியில் வந்து இறங்கினார் என்று பார்த்துக்கொண்டே இருந்த கூட்டத்தில், அந்த ஒரு நாள் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று உடையை வைத்துச் சொல்ல முடியாது. அங்கியை எடுப்பவர்கள் இந்த மறைப்பையும் சேர்த்து எடுத்துவிடக் கூடாது. இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல வருவது இதுதான்: துணியை மாற்றுங்கள், அது எல்லோருக்கும் ஒன்றாக இருந்து செய்த வேலையை விட்டுவிடாதீர்கள்.

வேட்டி, சேலை என்று கட்டாயமாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

தீராது. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டிவந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. சட்டமன்றம் அடுத்த மாதமே பொது இடங்களில் வேட்டிக்குத் தடை விதிக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம். உடையைக் காட்டி ஒருவரை வாசலில் நிறுத்தக் கூடாது என்பது அதன் அடிப்படை. வேட்டி கட்டாதவரை வாசலில் நிறுத்தினால் அதே தவற்றைத் திருப்பிச் செய்கிறோம்.

‘மரபு உடை’ என்று சுற்றறிக்கையில் எழுதிவிடுவது சுலபம். யாருடைய மரபு என்று கேட்டால்தான் சிக்கல் வெளியே வரும். நீலகிரியில் தோடர்களின் பூத்துக்குளி ஒரு மரபு. எம்பிராய்டரி போட்ட அந்தப் போர்வையோடு ஒரு தோடர் மாணவி மேடை ஏறினால் நம் விழாக் குழுவில் எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? புர்கா போட்ட மாணவி, சுடிதார்தான் வசதி என்கிற மாணவி, எந்த உடை தனக்கு உரியது என்று போராடிக்கொண்டிருக்கும் திருநங்கை மாணவி என எல்லோரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். பெண்களுக்குச் சேலை கட்டாயம் என்றால் செலவும் அலைச்சலும் அவர்கள் தலையில்தான் விழும். ஆண்களுக்கு ஒரு வெள்ளைச் சட்டையோடு வேலை முடிந்துவிடும்.

என் யோசனை எளிமையானது. உள்ளே என்ன உடுத்துவது என்பதை மாணவரிடம் விட்டுவிடுங்கள். மேலே எல்லோருக்கும் ஒரே மாதிரி, கைத்தறிப் பருத்தியில் தைத்த, முட்டிக்குக் கீழே வரும், முன்பக்கம் திறந்த மெல்லிய மேலங்கி. துறைக்கு ஒரு கரை நிறம். தொப்பி வேண்டாம். வெறும் அங்கவஸ்திரம் போதும் என்பவர்களின் வாதமும் எனக்குப் புரிகிறது. செலவு குறைவு, வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆனால் அது தோளை மட்டும் மூடும். உள்ளே இருக்கும் வேறுபாடு அப்படியே தெரியும். அதனால் மேலங்கிதான் என் தேர்வு.

கைத்தறி என்றால் செலவு கூடாதா?

முதல் வருஷம் கூடும். வாடகை அங்கிக்கு ஒவ்வொரு வருஷமும் கொடுக்கிற பணத்தைச் சேர்த்துப் பார்த்தால், கல்லூரியே ஒரு தொகுதி தைத்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது சில வருஷங்களில் கட்டுப்படியாகிவிடும். பருத்தியைத் துவைக்கலாம், வாடகை அங்கியை யார் எப்போது துவைத்தார்கள் என்பது நமக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. கைத்தறி என்று சொல்லி விசைத்தறித் துணியைத் தள்ளிவிடுவது சந்தையில் சாதாரணம். கோ-ஆப்டெக்ஸ் வழியாகவோ நேரடியாக நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குங்கள். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சென்னிமலை போன்ற ஊர்களில் தறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் விழாவுக்கு மூன்று வாரம் முன்னால் ஆயிரம் அங்கிக்குத் துணி கேட்டால் எந்தச் சங்கத்தாலும் தர முடியாது. ஆர்டரை முந்தின கல்வியாண்டின் முடிவிலேயே கொடுத்துவிட வேண்டும். தறியில் கை நெய்கிற வேகம் அதுதான். அவசரப்படுத்தினால் விசைத்தறிக்குத்தான் போகும்.

தொப்பியை மேலே வீசுவது நம் மரபா?

இல்லை. அமெரிக்காவில் 1912இல் கடற்படைக் கல்லூரியில் தொடங்கியதாகச் சொல்வார்கள். புதிய அதிகாரிகளுக்கு வேறு தொப்பி கிடைத்ததால் பழையதை வீசினார்களாம். நம் பிள்ளைகள் சந்தோஷத்தில் வீசுகிறார்கள், வீசட்டும்.

யார் கையால் பட்டம் வாங்குவது என்பதும் மரபுதானே? அதில் ஏன் இவ்வளவு சண்டை?

உடையைவிட இது ஆழமான பிரச்சினை. 1857 முதல் ஆளுநர்தான் வேந்தர். அன்று ஆளுநர் என்றால் ஆட்சி. பட்டத்தின் மேல் ஆட்சியின் முத்திரை விழுந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் மாநிலப் பல்கலைக்கழகங்களில் அந்த ஏற்பாடு தொடர்ந்தது. தமிழ்நாட்டில் ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான மோதலில் விழாக்கள் தள்ளிப்போயின. 2023 ஜூனில் அன்றைய உயர்கல்வித் துறை அமைச்சர் பொன்முடி, ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டத்துக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் மதுரை காமராசர் பல்கலைக்கழக விழாவை அவர் புறக்கணித்தார். காரணம், விடுதலைப் போராட்ட வீரர் என். சங்கரய்யாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தரப் பல்கலைக்கழகம் முடிவு செய்தும் ஆளுநரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

சங்கரய்யாவின் கதையை ஒவ்வொரு பட்டமளிப்பு விழாவிலும் சொல்ல வேண்டும். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். 1941இல் இறுதித் தேர்வு நெருங்கிய நேரத்தில் ஆங்கிலேய அரசு அவரைக் கைது செய்தது. தேர்வு எழுதவில்லை, பட்டம் வாங்கவில்லை. வாழ்க்கையின் கடைசியில் அந்தப் பட்டம் வேறு வடிவில் வந்து சேரும் என்று பலரும் எதிர்பார்த்தோம். அந்த விழா நடந்த இரண்டு வாரத்துக்குள், 2023 நவம்பர் 15 அன்று, நூறு வயதைத் தாண்டிய அவர் இறந்துபோனார்.

2025 ஆகஸ்டில் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக விழாவில் ஒரு முனைவர் பட்ட மாணவி, ஆளுநரைத் தாண்டிப் போய்த் துணைவேந்தரிடம் பட்டத்தை வாங்கிக்கொண்டார். அவர் செய்தது சரியா என்று என்னிடம் கேட்கிறார்கள். பட்டம் அவருடையது; அமைதியாக, யாரையும் அவமதிக்கும் சொல் இல்லாமல், தான் விரும்பியவர் கையில் வாங்கினார். அதில் எனக்குத் தவறு தெரியவில்லை. அப்புறம், என் சொந்த ஆசை வேறு. பட்டத்தை அந்தத் துறையில் பாடம் எடுத்த ஆசிரியர் கொடுக்கட்டும். மூன்று வருஷம் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் அவர்தான். விருந்தினர் வந்து பேசட்டும், படம் எடுத்துக்கொள்ளட்டும்.

விழாவுக்குப் போகாமல் பட்டம் வாங்க முடியுமா?

முடியும். வராதவர்களுக்கான விண்ணப்பத்தில் கட்டணம் கட்டினால் அஞ்சலில் வரும், அல்லது கல்லூரி வழியாக வரும். இணைப்புக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலானவர்கள் பல்கலைக்கழக மேடையை மிதிப்பதே இல்லை. அங்கே முனைவர் பட்டம் பெறுபவர்களும் தரவரிசைக்காரர்களும்தான் ஏறுவார்கள். மற்றவர்களுக்குக் கல்லூரியிலேயே விழா.

தகுதி பெற்ற நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்று யு.ஜி.சி.யின் 2008ஆம் ஆண்டு விதி சொல்கிறது. இதைப் பல மாணவர்கள் அறிவதில்லை. விழாவுக்குத் தேதி கிடைக்கவில்லை, விருந்தினர் கிடைக்கவில்லை என்பதற்காகச் சான்றிதழை நிறுத்திவைக்கக் கூடாது. வெளிநாட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ போகிற பிள்ளை ‘புரொவிஷனல்’ என்ற தற்காலிகச் சான்றிதழைக் காட்டிக்கொண்டு எவ்வளவு நாள் ஓட்டும்? விழா தனி, சான்றிதழ் தனி என்று பிரித்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். பல பல்கலைக்கழகங்களின் சான்றிதழ்கள் இப்போது டிஜிலாக்கரிலும் கிடைக்கின்றன. முதலில் அங்கே தேடிப் பாருங்கள்.

விழா உரை தமிழில் இருக்கலாமா?

தாராளமாக. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1937இல் தாகூர் பட்டமளிப்பு உரையை வங்காளியில் நிகழ்த்தினார். அந்தப் பல்கலைக்கழக வரலாற்றில் அது முதல் முறை. தொடங்கி எண்பது ஆண்டு அதுவரை ஆங்கிலம்தான். மூன்று ஆண்டு கழித்து, 1940 ஆகஸ்டில், ஆக்ஸ்போர்டு தன் சார்பில் ஆட்களை சாந்திநிகேதனுக்கே அனுப்பி அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. அவர்கள் லத்தீனில் வாசித்தார்கள், அவர் சமஸ்கிருதத்தில் பதில் சொன்னார்.

நம் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரில் பாதிப் பேருக்கு ஆங்கில உரை புரியாது. இரண்டு மணி நேரம் மரியாதையாக உட்கார்ந்துவிட்டு, தங்கள் பிள்ளையின் பெயர் வரும்போது மட்டும் நிமிர்கிறார்கள். அவர்களுக்குப் புரியும் மொழியில் பேச வேண்டும்.

பெற்றோரை எங்கே உட்கார வைக்கிறீர்கள்?

இதை ஒரு அம்மா என்னிடம் கோபமாகவே கேட்டார். நியாயமான கோபம். வழக்கமான ஏற்பாட்டில் முன்வரிசை விருந்தினர்களுக்கும் நிர்வாகத்துக்கும், அடுத்து மாணவர்கள், இடம் மிச்சமிருந்தால் பின்னால் பெற்றோர். ஒரு மாணவருக்கு ஒரு அனுமதிச் சீட்டு என்ற விதியும் பல இடங்களில் உண்டு. அம்மா உள்ளே, அப்பா வெளியே வேப்பமரத்தடியில். ஒரு வீட்டில் யார் உள்ளே போவது என்று பிள்ளையே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டத்துக்குக் கடன் வாங்கியவர்கள், நகையை அடகு வைத்தவர்கள், கட்டட வேலைக்குப் போனவர்கள் இருவரும்தான்.

மரபை மாற்றுவது என்றால் நான் முதலில் மாற்றுவது இதைத்தான். விழாவைத் துறைவாரியாகப் பிரித்து இரண்டு நாள் வைத்தால் எல்லோருக்கும் இடம் கிடைக்கும். பெற்றோருக்கு முன்வரிசை. பெயரைக் கூப்பிடும்போது அப்பா, அம்மா பெயரையும் சேர்த்துக் கூப்பிடலாம்; ஒருவர் மட்டும் வளர்த்திருந்தால் அவர் பெயரை, பாட்டி வளர்த்திருந்தால் பாட்டி பெயரை. எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று மாணவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உச்சரிப்பையும் கேட்டுவையுங்கள். வாழ்க்கையில் ஒருமுறை மேடையில் கூப்பிடுகிற பெயரைத் தப்பாகப் படிப்பது பெரிய குறை.

எங்கள் கல்லூரியில் மாற்றம் வேண்டும். யாரைப் பார்க்க வேண்டும்?

பல்கலைக்கழக விழா என்றால் பதிவாளர் வழியாக சிண்டிகேட்டுக்குப் போக வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் விழா உடை சட்ட விதிகளிலேயே எழுதியிருக்கும். அதைத் திருத்த நாளாகும். கல்லூரி அளவிலான விழாவில் முதல்வருக்கும் நிர்வாகக் குழுவுக்கும் கூடுதல் சுதந்திரம் இருக்கிறது. அதனால் அங்கே தொடங்குவது நல்லது.

முதலில் இறுதியாண்டு மாணவர்களிடம் கேளுங்கள். ஆசிரியர் கூட்டத்தில் முடிவு செய்துவிட்டுப் பிறகு கேட்பது வேண்டாம். அங்கியோடு படம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். முதல் இரண்டு மூன்று வருஷத்துக்கு வளாகத்தில் ஒரு மூலையில் பழைய அங்கி பத்துப் பதினைந்து வைத்து, வேண்டியவர்கள் போட்டுப் படம் எடுத்துக்கொள்ள விடுங்கள். இட ஏற்பாடு, நேரம், உரையின் மொழி ஆகியவற்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வருகிற விழாவிலேயே செய்யலாம். துணிக்கான ஆர்டரைச் சங்கத்தில் கொடுக்கும்போது அளவுகளில் பெரியதையும் சிறியதையும் தாராளமாகக் கேளுங்கள், சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்குக் குட்டையாக ஒன்றிரண்டு தனியாகத் தைக்கச் சொல்லுங்கள். மேடைக்குச் சாய்தளம் இருக்கிறதா என்று அதே நாளில் போய்ப் பார்த்துவிடுங்கள்.